கட்டியவர்: தேவி

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே கூரைத் தகரம் சுடுகிறது. காற்று இல்லை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. ஊருக்குக் கஷ்டம், எங்களுக்கு வேலை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் எரியும். கும்மிடிப்பூண்டியில் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போக இப்போது என் பட்டறையும் ஓர் இடம். ஆரம்பித்து நான்கு மாதம்.

இன்று:
– ஆரம்பாக்கம் நெல்வயல்காரர் மோட்டார், 5 எச்.பி., ஸ்டெல்லா கட்டினது. எடுத்துப் போய்விட்டார். 
– வார்னிஷ் தீர்ந்தது. கடைக்குச் சொல்லியாயிற்று.
– கழிவறைத் தாழ்ப்பாள் இறுகுகிறது. எண்ணெய் விட வேண்டும்.
– ரோலிங் மில் மோட்டார் வந்தது. 15 எச்.பி.

கடைசியில் எழுதினதுதான் பெரிது. மில்லில் பழுக்கக் காய்ச்சின கம்பியைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்பின் மோட்டார். இது நன்றாக ஓடினால் வருஷம் முழுக்க அவர்கள் மோட்டார் எல்லாம் எங்களுக்கே என்று அங்குள்ள மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் எங்கள் நான்கு பேருக்கும் நிலையான வேலை. கிடைக்காவிட்டால் மழைக்காலத்துக்குள் ஒருவரை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும். யாரை என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

எரிந்த மோட்டாரில் முதல் வேலை எண்ணுவது. பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி, அதில் எத்தனை சுற்று, எவ்வளவு பருமன் கம்பி என்று குறித்து, அதே மாதிரி புதுசு கட்ட வேண்டும். எண்ணுவது நான். வேறு யாரையும் விடுவதில்லை. விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவேன், கண்ணாடிகூட வேண்டாம். எண்ணினேன். 76.

இதைக் கட்டப் போகிற தேவி, நான் எண்ணைக் குறித்த சீட்டைப் பார்த்தாள். “அக்கா, பதினஞ்சு எச்.பி.க்கு எழுவத்தாறு சுத்து ஜாஸ்தியா தெர்ல?”

“எண்ணுனது யாரு?”

“நீதான்.”

“அப்புறம் இன்னா?”

ஸ்டெல்லா விடுவாளா. “கம்ப்யூட்டரு தப்பு பண்ணும், கன்னிம்மாக்கா விரலு பண்ணாது. ஆதார் ஆபீசு மிஷினுலயே ரேக வுழல. எண்ணி எண்ணி அவ்ளோ தேஞ்சி போச்சி.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஜூன் 4, புதன்

தேவி காயில் போடுகிறாள். அவள் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கிற தாளை மடிக்கிறாள், இடுக்கில் செருகுகிறாள், கம்பியை இறக்குகிறாள். ஒரு கம்பி மேல் ஒன்று ஏறாது. 

மகன் சேகர் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு இப்படி வந்தான். நுங்கு கொண்டு வந்தான். நின்று நான்கு பக்கமும் பார்த்தான்.

“இன்னாம்மா இது, பட்டறையா பேங்கா? ஆளாளுக்கு சாயற சேரு.”

“நாலு சேரு போட்டா பேங்காடா?”

“நாஷ்டாவுக்கு அரை மணி, டீக்கு கால் மணி. இப்பிடி வுட்டா வேலைய எப்ப முடிக்கிறது?”

“என் முட்டி போனது தரையில குந்திக் குந்தி. இவங்க முட்டி இவங்களோடவே இருக்கட்டும்.”

ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் எங்கள் பிட்டர். பேரிங், ஷாப்ட், தூக்குகிற வேலை எல்லாம் அவன். அவனும் தேவியும் நானும் ஒரே பழைய பட்டறையில் இருந்தவர்கள். நான் அங்கே இருபத்திரண்டு வருஷம். விட்டு வந்த அன்று பஸ்ஸில் மனசுக்குள் போட்ட பட்டியல், இன்னும் மாற்றவில்லை:

1. கழிவறை முதலில், கூரை அப்புறம். (அங்கே பெட்ரோல் பங்க் வரை நடப்போம். அதற்கும் பேச்சு வாங்குவோம்.)
2. முதுகு சாய நாற்காலி.
3. யாரையும் “ஏய்” என்று கூப்பிடக் கூடாது. அவரவருக்குப் பெயர் இருக்கிறது.
4. கட்டினவர் பெயர் மோட்டாரில்.

நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. மோட்டார் பக்கவாட்டில் ஒயர் மாட்டும் சின்னப் பெட்டி இருக்கும். அதன் மூடிக்கு உள்பக்கம் சீட்டு ஒட்டுவோம். “கட்டியவர்: ஸ்டெல்லா.” “கட்டியவர்: தேவி.” பழைய பட்டறையில் நான் கட்டின மோட்டாருக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் முதலாளி முத்திரை.

ஜூன் 5, வியாழன்

வார்னிஷ் வந்தது. கட்டினதை அதில் முக்கி, அடுப்பில் வைத்து, ஆற்றி, மாட்டினோம். மாலை 4க்கு ஓட்டிப் பார்த்தோம்.

சத்தமே இல்லை. மேலே ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வைத்தேன், விழவில்லை. தொட்டால் குளிர்ச்சி. மீட்டரில் கரண்ட் முள் நகரவே யோசிக்கிறது.

ஏழுமலைதான் முகத்தைச் சுளித்தான். “இவ்ளோ கம்மியா இழுக்குதே யக்கா?”

“நல்ல வேலைக்கு அதான் அடையாளம். அங்க இருந்து இருந்து நீ கெட்ட வேலையே பாத்துட்ட.”

தேவி தன் பெயர் போட்ட சீட்டு ஒட்டினாள். நேராக ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் மில்லுக்குப் போய்விட்டது. மாரியம்மன் கோவிலில் எலுமிச்சம்பழம். ஸ்டெல்லா அவள் சர்ச்சில் சொல்லியிருக்கிறாளாம். இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று.

ஜூன் 7, சனி

மதியம் 12.10. போன். மில் இன்ஜினியர். வணக்கம்கூட இல்லை.

“யாரும்மா தேவி?”

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் பெருமையாகச் சொன்னேன். “எங்க பொண்ணு சார். நல்லா கட்டும்.”

“நல்லாவா? நாலு மணி நேரத்துல எரிஞ்சிடுச்சு. தண்ணி நின்னு, மில்லு நின்னு, எனக்கு மேல இருக்கறவரு என் தலைல நிக்கிறாரு.”

மூடியைத் திறந்திருக்கிறார். சீட்டைப் படித்திருக்கிறார். மரியாதைக்கு ஒட்டின சீட்டு. அதை வைத்தே அவளைப் பிடிக்கிறார்கள்.

அவர் கேட்டது இரண்டு. மோட்டார் திங்கள் வரும், சரி செய்து தர வேண்டும். அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டதாக ஒரு கடிதம் தர வேண்டும். மேலே காட்டவாம். காட்டினால் வருஷ வேலை பற்றிப் பேசலாமாம்.

“ரெண்டு வரி போதும்மா. ஆள மாத்திட்டோம்னு.”

“யோசிச்சி சொல்றேன் சார்.”

இதுதான் அரிக்கிறது. ஏன் யோசிக்கிறேன் என்றேன்? முடியாது என்று சொல்வதற்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

பட்டறையில் மோட்டார் எரிந்தது என்று மட்டும் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பேத்தி மோட்டார் தகட்டில் இருக்கிற இங்கிலீஷை எல்லாம் என் போன் படத்தில் பார்த்துப் படிக்கிறாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்த எண்கள் மட்டும் புரியும். அவளுக்கு எழுத்தும் புரிகிறது. எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி.

சேகரிடம் சொன்னேன். அவன் உடனே வழி சொன்னான். “எழுதிக் குட்துடும்மா. அந்தப் பொண்ண ஒரு வாரம் கழிச்சி கூப்டுக்கோ. அவருக்கு இன்னா தெரியப் போவுது?”

கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. அதனாலேயே கோபம் வந்தது. அவள் பெயரை என் கையால் முதலில் எழுதினது மோட்டாரில். அதே கையால் அந்தக் கடிதத்திலா? சோறு வைக்கும்போது முடிவு செய்துவிட்டேன். கடிதம் கிடையாது. இன்ஜினியருக்கு போன் போட்டுச் சொன்னேன். “சரிம்மா, உங்க இஷ்டம்” என்றார். அந்தக் குரலில் வருஷ வேலை போய்விட்டது.

ஜூன் 9, திங்கள்

மோட்டார் வந்தது. எரிந்த வாசனை பட்டறை முழுக்க.

தேவி ஆரம்பாக்கம் ரயிலில் இருந்து இறங்கி வந்தாள். பார்த்தாள். பையை வைத்தாள்.

“நான்தான்க்கா.”

“இன்னா நீதான்?”

“கனெக்‌ஷன் எங்கயோ வுட்டிருப்பேன். நான்தான்.”

“இன்னும் தொறக்கவே இல்லம்மா.”

“தொறந்தா இன்னா. நான்தான்.”

ஏழுமலை தலை குனிந்துகொண்டான். எனக்கும் புரிந்தது. பழைய பட்டறையில் மோட்டார் திரும்பி வந்தால் முதலாளி எல்லாரையும் வரிசையாக நிற்க வைப்பார். முதலில் “நான்தான்” என்றவருக்குத் திட்டோடு போகும். வாயைத் திறக்காமல் நின்று மாட்டியவர் அன்றோடு வீட்டுக்கு. அதனால் செய்யாதவர்கூட முந்திக்கொள்வோம். நானும் முந்தியிருக்கிறேன், எத்தனையோ தடவை.

“அந்தப் பட்டறை வேற, இது வேற, தேவி.”

“எல்லாப் பட்டறையும் மொதல்ல அப்பிடித்தான்க்கா சொல்லும்.”

கையில் இருந்த டீ ஆறிப்போனது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். நானும் ஏழுமலையும் மோட்டாரைத் திறந்தோம். பெண்கள் இருவரும் பின்பக்கம் வேறு வேலையில்.

இணைப்பு தப்பென்றால் சில காயில் மட்டும் கருகும், மற்றது பளபளவென்று இருக்கும். இதில் எல்லாம் ஒரே கறுப்பு. இது இணைப்புத் தப்பு இல்லை.

பழைய காயிலில் ஒன்றை எறியாமல் ஆணியில் மாட்டி வைப்பது எங்கள் பழக்கம். அதை எடுத்தேன். கண்ணாடி போட்டேன். ஆரம்ப முனையைப் பார்த்தேன்.

இரண்டு கம்பி. ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரே கம்பி மாதிரி.

இரட்டைக் கம்பியாகப் பிடித்துச் சுற்றிய காயில் அது. வெட்டினால் 76 முனை தெரியும், ஆனால் சுற்று 38தான். நான் முனையை எண்ணிவிட்டுச் சுற்று என்று சொல்லிவிட்டேன். ஒற்றைக் கம்பியில் 76 சுற்று. செம்பு அதே எடை, இடுக்கில் அதே அளவு, அதனால் கட்டினவளுக்கும் உட்காரும். ஆனால் சுற்று இரட்டிப்பானால் மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. சும்மா சுற்றச் சொன்னால் குளிர்ச்சியாக, சத்தமில்லாமல் சுற்றும். பாரம் ஏற்றினால் திணறிச் செத்துவிடும். வியாழக்கிழமை காசை நிமிர்த்தி வைத்து நான் மெச்சினது அதன் நோஞ்சான்தனத்தை.

இந்தத் தொழிலில் முதல் மாதம் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு.

ஏழுமலைக்கும் தெரிந்துவிட்டது. மெதுவாகச் சொன்னான். “யக்கா, அந்தக் காயில பழசோட போட்டுடு. வோல்டேஜ் லோவுன்னு சொல்லிக்கலாம். தேவிக்கும் ஒண்ணுமில்ல, உனக்கும் ஒண்ணுமில்ல.”

பத்து நிமிஷம் அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். தண்ணீர் குடித்தேன். முகம் கழுவினேன். வெளியே லாரி போவதைப் பார்த்தேன். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக் காயிலைக் காட்டினேன்.

ஸ்டெல்லா காயிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு: “அப்ப ஆதார் ஆபீசு மிஷினு கரெக்டாத்தான் சொல்லிக்கீது.”

தேவி சிரிக்கவில்லை. “நான் கேட்டேன்லக்கா, ஜாஸ்தியா தெர்லயான்னு.”

“கேட்ட.”

“தெரிஞ்சிக்கினேதான் கட்டுனேன்.”

அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. தெரிந்துகொண்டே கட்டினாள், நான் வாயை அடைத்ததால். அப்புறம் பழியையும் எடுத்துக்கொள்ள வந்தாள்.

இனி: எண்ணுவது இரண்டு பேர். தனித்தனியாக. ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல். சீட்டில் இரண்டாவது வரி: “எண்ணியவர்.”

ஜூன் 11, புதன்

மில்லுக்குப் போனேன். கேட்டில் தொப்பி கொடுத்தார்கள். கொண்டையில் உட்காரவில்லை, கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

“லெட்டர் கொண்டாந்தீங்களாம்மா?”

“லெட்டரு இல்ல சார். தப்பு பண்ண ஆளையே கொண்டாந்துகீறேன்.”

என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எங்க?”

“நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். 76, 38, இரட்டைக் கம்பி. தேவி கேட்டதும் நான் அடக்கினதும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஓனரு நீங்க. உங்கள எப்டிம்மா நிறுத்தறது?”

“முடியாதில்ல சார். அப்ப நான் சொன்னத கட்டுன பொண்ண மட்டும் எப்டி நிறுத்தச் சொன்னீங்க?”

“பேஜாரு புடிச்ச ஆளும்மா நீங்க. வோல்டேஜ் லோன்னு சொல்லியிருந்தா நானே எழுதிக்கினு வுட்டிருப்பேன்.”

“எங்க பட்டறையில தப்பு பண்ணவங்கதான் திருப்பி கட்டுவாங்க. நான் கட்டறேன். உங்க பம்புல மாட்டி, தண்ணி ஏத்தி ஓட்டுங்க. பக்கத்துல நிக்கிறேன். எரிஞ்சா என்னையும் சேத்து வெளில தள்ளுங்க.”

வேறு மோட்டார் கைவசம் இல்லாததாலோ என்னவோ, சரி என்றார்.

ஜூன் 14, சனி

மூன்று நாளாக எழுதவில்லை. கட்டினேன்.

முதல் நாள் ஸ்டெல்லா எனக்கு அப்புறம் எண்ணினாள். ஆணியில் இருந்த அதே காயில். அவள் தாளும் என் தாளும் கவிழ்த்து வைத்துத் திருப்பினோம், பரீட்சை மாதிரி. இருவரும்: இரண்டு கம்பி, 38 சுற்று. தெரிந்த விடைதான். இருந்தாலும் அவள் எண்ணி முடிக்கும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிச்சல். என் எண்ணை இன்னொருத்தி சரிபார்ப்பதா என்று. இதையும் எழுதிவிடுகிறேன்.

“கண்ணாடி போடு, அப்பறம் பேசு” என்கிறாள் ஸ்டெல்லா. மூன்று நாளில் முப்பது தடவை.

முதுகு வலி. நாற்காலி போட்டது நல்லதாயிற்று. தேவி தாள் வெட்டித் தந்தாள். சீட்டு: “கட்டியவர்: கன்னியம்மா. எண்ணியவர்: ஸ்டெல்லா.”

ஜூன் 16, திங்கள்

மில். காலை 9.30க்கு மாட்டினார்கள். தண்ணீர் ஏற்றினார்கள். நின்றேன்.

10.30 – ஓடுகிறது.
11.30 – ஓடுகிறது. உள்ளங்கை வைத்தால் பத்து எண்ணும்வரை தாங்குகிறது. நல்ல சூடு.
12.30 – ஒருவர் நாற்காலி கொண்டு வந்தார். உட்காரவில்லை.
1.30 – போன தடவை எரிந்த நேரத்தைத் தாண்டிவிட்டது.
3.00 – இன்ஜினியர் வந்து கை வைத்துப் பார்த்தார். “போங்கம்மா, வீட்டுக்குப் போங்க.”

பெண்கள் கழிவறை ஆபீஸ் கட்டடத்தில்தான் இருக்கிறது. வெயிலில் அரை கிலோமீட்டர். அதையும் அவரிடம் சொல்லிவிட்டே வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மதியம் 1.15. மில் வண்டி. இரண்டு மோட்டார், ஒரு கடிதம். மற்றவர்கள் பின்பக்கம் சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் முன்னால்.

வருஷ வேலை தருகிறார்கள்! கீழே ஒரு வரி: மில் மோட்டார்களைப் பட்டறை உரிமையாளர் மட்டுமே தம் கையால் கட்ட வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

இரண்டு முறை படித்தேன். டிரைவரிடம் மோட்டாரை இறக்காதே என்றேன். போன் போட்டேன்.

“உங்கள நம்பித்தாம்மா குடுக்கறேன். சந்தோஷப்படுங்க.”

“தப்பு பண்ண கைய நம்புறீங்க. பண்ணாத கைய நம்பமாட்டேங்கறீங்க. இது இன்னா நாயம் சார்?”

“மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்மா.”

“என் பொண்ணுங்களுக்கு நான் பதில் சொல்லணும்.”

வண்டியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு போனான். நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒருவரிடம் முடியாது என்று சொல்கிற இடத்தில் இருக்கிறேன்.

உள்ளே போனதும் “யாரு வந்தது?” என்றாள் ஸ்டெல்லா. “வழி கேட்டு வந்தாங்க” என்றேன்.

ஜூன் 18, புதன்

டீக்கடையில் அந்த டிரைவர் ஏழுமலையிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். மில்லில் பேச்சாகிவிட்ட முதல் கடிதம், நேற்றைய வண்டி, எல்லாம். ஏழுமலை தேவியிடம்.

வந்தவள் உட்காரவில்லை.

“எங்கள கேட்டியாக்கா?”

“எத?”

“என்ன நிறுத்தச் சொல்லி லெட்டரு கேட்டாங்க. எனக்கு சொல்லல. நீயே முடியாதுன்ன. நேத்து வண்டி வந்துது, நீயே திருப்பி அனுப்புன. என்ன வச்சிதான் எல்லாம் நடக்குது. எனக்கு மட்டும் ஒண்ணும் தெர்ல.”

“உனக்காகத்தான் தேவி…”

“பழைய மொதலாளியும் எங்களுக்காகத்தான்னுதான் சொல்வாரு.”

“அவரோட என்ன சேக்காத!”

“நான் சேக்கல. நீயே போயி பக்கத்துல நிக்கற.”

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தேவிக்கு மூச்சு வாங்கியது. அவள் பெண் நர்சிங் சேரப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷ வேலையை நம்பித்தான் மனு போட்டிருக்கிறாள் என்று இன்றுதான் தெரியும்.

நான் செய்தது சரி, ஏனென்றால்:
1. செய்யாத தப்புக்கு அவளை ஒதுக்க விடக் கூடாது.
2. இன்றைக்கு ஒரு வரி ஒத்துக்கொண்டால் நாளை பத்து வரி வரும்.
3.

மூன்றாவது வரவில்லை. அவர்களைக் கேட்டிருந்தால் மூன்றாவதை அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

மாலை 4. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன். கேட்டேன். என்ன செய்யலாம்? நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

ஸ்டெல்லா: “ஒத்துக்கோ. நாங்க கட்டறோம், நீ கட்டுனேன்னு சொல்லு. அவரு வந்து பாக்கவா போறாரு?”

ஏழுமலை: “அதான் யக்கா நல்லது.”

தேவி: “அது பழைய பட்டறை வேல. நாம கட்டி இன்னொருத்தர் பேரு.” தேவி என்னைப் பார்த்தாள். “நாளைக்கு நான் மில்லுக்குப் போறேன். நீ வராத.”

“நீ போயி இன்னா பேசுவ? நான்கூட வந்து…”

“நீ வராதக்கா.”

ஜூன் 19, வியாழன்

மேகம் கூடுகிறது, மழை இல்லை. புழுக்கம்.

9.15க்குத் தேவி போனாள். நல்ல புடவை. ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை பார்த்தேன். ஏழுமலை “பின்னாலயே போ யக்கா, கேட்டுல நில்லு” என்றான். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். கழற்றிவிட்டேன்.

– போர்வெல் மோட்டார் ஒன்று, பேரிங் மட்டும். ஏழுமலை.
– ஸ்டெல்லாவும் நானும் ஒரு 3 எச்.பி. எண்ணினோம். நான் 52. அவள் 52. 
– சாப்பாடு இறங்கவில்லை.
– 12 மணிக்குத் தேவிக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை.
– 12.20க்கு இன்னொரு தடவை. கட் பண்ணிவிட்டாள். கட் பண்ணினாள் என்றால் பேசிக்கொண்டிருக்கிறாள்.

1.40. மில் வண்டி. டிரைவர் பக்கத்து சீட்டில் தேவி. பின்னால் நேற்று முன்தினம் நான் திருப்பி அனுப்பின இரண்டு மோட்டார்.

இறங்கினாள். கடிதத்தைக் கையில் கொடுத்தாள். வருஷ வேலை அப்படியே இருக்கிறது. “உரிமையாளர் மட்டுமே” என்ற வரி குறுக்கே அடித்திருக்கிறது. பக்கத்தில் இன்ஜினியர் கையெழுத்து.

“இன்னா சொன்ன அவருகிட்ட?”

“பேசினேன்.”

“இன்னா பேசின? அவரு மேலிடம் கீழிடம்னு ஆயிரம் சொல்வாரே.”

“சொன்னாரு. நானும் சொன்னேன்.” தலைமுடியை முடிந்துகொண்டாள். “ஏழுமலைண்ணா, பெருச மொதல்ல எறக்கு. அஞ்சுக்குள்ள தொறந்துடலாம்.”

“தேவி, கேக்கறேன்ல. இன்னா சொன்ன?”

“அது எனக்கும் அந்த சாருக்கும் நடந்த பேச்சுக்கா. உனக்கு எதுக்கு?”

ஸ்டெல்லா கெஞ்சிப் பார்த்தாள். டிரைவரைக் கேட்டோம், ரூம் கதவு சாத்தியிருந்தது என்கிறான். நான் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். பட்டறை என்னுடையதுதான். சொல்ல மாட்டேன் என்கிறாள்.